டார்லாவின் ஆயிரம் குதிரை

நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்தில் சனிக்கிழமை என்றால் ஒன்று கால்பந்து ஆட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய வண்டியாவது நாலு பேர் முன்னால் கேவலப்பட வேண்டும். ஆட்டம் இல்லாத மாதங்களில் கூட்டம் ராய்ஸின் பட்டறையில் கூடும். பட்டறைத் தரையில் பெரிய இரும்பு உருளைகள் பதித்திருக்கும். பிக்கப் வண்டியின் பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, வண்டியைச் சங்கிலியால் கட்டிப்போட்டு, நின்ற இடத்திலேயே காலை அழுத்தினால் சக்கரம் உருளையைச் சுற்றும். எத்தனை குதிரைத்திறன் என்று பக்கத்துத் திரையில் எண் வரும். அதுதான் டைனோ. அந்த எண்ணை வைத்துத்தான் ஊரில் ஒருவனை மனுஷன் என்று மதித்தார்கள். பொண்டாட்டி ஓடிப்போனதைக்கூட மன்னிப்பார்கள், வெறும் அறுநூறு குதிரை காட்டிய வண்டியை மன்னிக்க மாட்டார்கள்.

அன்றைக்கு அங்கே டார்லா வந்து நின்றதுதான் விசேஷம். அவள் ராய்ஸின் முன்னாள் மனைவி. விவாகரத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்காதவள்.

டார்லா செய்வது டார்க் கன்வெர்ட்டர். கியரைக் கையால் மாற்றத் தேவையில்லாத வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்புப் பாத்திரம் உட்கார்ந்திருக்கும். உள்ளே எண்ணெயும் எதிரெதிரே இரண்டு விசிறிகளும். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றினால், அது எண்ணெயைத் தள்ள, எண்ணெய் போய் மற்ற விசிறியைச் சுற்றும். எண்ணெய்தானே, வழுக்கும். வழுக்குகிற அளவுக்குச் சக்தி வெறும் சூடாகிப் போகும். அதற்காகத்தான் உள்ளே ஒரு கிளட்ச் உண்டு. லாக் போட்டால் இரண்டு விசிறியும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், வழுக்கல் நிற்கும். இப்படிக் கூடுதல் பலம் ஏற்றிய வண்டிகளில் லாக்குக்கு என்று ஸ்டியரிங் பக்கத்தில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். டைனோவில் ஏறுகிறவன் முதலில் அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டு, பிறகுதான் மெல்ல மெல்ல காலை அழுத்துவான். இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கல்யாணமாகி இருந்த காலம் முழுக்க டார்லா அந்தப் பட்டறையின் பின்கட்டில் கன்வெர்ட்டர்களை அறுத்து, உள்விசிறியை மாற்றி, திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் ராய்ஸின் பெயர் ஸ்டிக்கர். பிரிந்தபோது பட்டறை அவனுக்குப் போனது, வயசான நாய் இவளுக்கு வந்தது. "அவ பெயின்ட் அடிப்பா, வேற என்ன தெரியும்?" என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தான். ஊரும் நம்பியது. அவள் ஒரு பழைய தானியக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தன் பெயரை ஸ்டிக்கராக அச்சடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒட்டத்தான் வழியில்லை, கன்வெர்ட்டர் கேட்டு ஆளே வரவில்லை.

முதலில் வந்தவன் எல்டன். தீவனம் ஏற்றுகிறவன். குதிரைமசால் கட்டுகளை டிரெய்லரில் அடுக்கி, பண்ணை பண்ணையாக இழுத்துப் போகிறவன். அவனுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அந்த எஞ்சின். இரண்டு டர்போ வைத்துத் தானே கட்டியிருந்தான். வேலைக்கும் அதே வண்டி, விளையாட்டுக்கும் அதே வண்டி. ராய்ஸின் கன்வெர்ட்டர் இரண்டு முறை கருகிப்போன பிறகு டார்லாவின் கொட்டகைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மேம், நீங்க பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டான். ஊரில் அவளை மேம் என்று கூப்பிட்ட ஒரே ஆம்பிளை அவன்தான்.

பண்ணிக் கொடுத்தாள். மாட்டும்போது ஒன்றைச் சொன்னாள்: "கியர் பாக்ஸுக்குள்ள இருக்கிற ஷாஃப்ட், வண்டியோட கம்பெனியிலிருந்து வந்ததுதான் எல்டன். ரூல்தடி கனம்கூட இல்ல. காலை முழுசா அமுக்கிட்டு மட்டும் லாக்கைப் போட்டுடாத, முறிஞ்சிடும். புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்க."

"அறுவடை முடியட்டும் மேம்," என்றான்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, டார்லா அன்றைக்கு எல்டனின் வண்டியோடு அங்கே வந்தது கிளின்ட்டுக்காக. கிளின்ட்டுக்கு மூன்று மாநிலங்களில் கியர் பாக்ஸ் பட்டறைகள். ராய்ஸ் பட்டறை டைனோவில் ஒரு கன்வெர்ட்டர் ஆயிரம் குதிரையைத் தாண்டினால், தன் பட்டறைகளில் மாட்டுகிற கன்வெர்ட்டர் எல்லாம் அதுவே என்று அவன் சொல்லியிருந்தான். அப்படியானால் டார்லாவின் பெயர் மூன்று மாநிலம் போகும். இல்லாவிட்டால் அவள் பெயின்ட் அடிக்கிறவள்தான், சாகிறவரைக்கும்.

சர்ச்சுப் பெண்கள் ஓரமாக மேசை போட்டு மிளகாய்க் கறியும் அதற்குத் தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்டன் ஒரு தட்டு வாங்கி டார்லாவிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி, தொடாமலே மேசையில் திரும்ப வைத்துவிட்டாள்.

அந்தப் பட்டறையில் ஒரு விதி. டைனோவில் யாருடைய வண்டி ஏறினாலும் ஓட்டுகிறவன் ராய்ஸ்தான். அவன் மைக்கைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு, கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு, எல்டனின் வண்டியில் ஏறினான். கண்ணாடி வழியே டார்லாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

காலை அழுத்தினான். எஞ்சின் கூரையே பெயர்ந்துவிடும்போல அலறியது. ஆனால் டார்லாவின் காது உருளையின்மேல் இருந்தது. எஞ்சின் அலறுகிற அலறலுக்கு உருளை ஓடவில்லை, ஏதோ மாமியார் வீட்டுக்கு வேலை செய்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் எண்ணெய் வழுக்குகிறது. லாக் போடவில்லை. பாவி, போடவே இல்லை.

"எண்ணூத்திப் பன்னெண்டு!" என்று மைக்கில் கத்தினான் ராய்ஸ். "எல்டன் எஞ்சின் பாவம்யா, தங்கமான எஞ்சின். நடுவுல ஒரு அம்மா உக்காந்துக்கிட்டு குதிரைங்களத் தின்னுட்டிருக்காங்க. என்ன பண்றது, பசி ஜாஸ்தி. எனக்குத் தெரியாதா? இத்தன வருஷம் வடிச்சுக் கொட்டினவன் நான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மிளகாய்க் கறி ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கரண்டியோடு சிரித்தார்கள். டார்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வந்தால் இங்கேயே செத்துப்போவது மேல் என்று நினைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனாள்.

"லாக் போடல நீ."

"போட்டேனே, தங்கம்." அவன் மைக்கை மூடவில்லை. "சுவிட்ச் ஆன்லதான் இருந்துச்சு. உன் கிளட்ச் புடிக்கலைன்னா அதுக்கு நான் என்ன, போய் முட்டுக்குடுக்கவா?"

"இறங்கு. நான் ஓட்டறேன்."

"பட்டறை விதி இருக்கே."

"பயமா இருந்தா சொல்லு."

ஊர் ஆம்பிளைகளிடம் எதைச் சொல்லக் கூடாதோ அதை மைக்கில் கேட்கும்படி சொல்லிவிட்டாள். கூட்டத்தில் ஒருவன் ஊளையிட்டான். ராய்ஸ் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, ராணிக்குக் குனிவதுபோல் குனிந்து வழிவிட்டான்.

டார்லா முறைப்படி செய்தாள். உருளை ஓடத் தொடங்கியதும் சுவிட்சைத் தட்டினாள். கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டது காலுக்குத் தெரிந்தது. பிறகு குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை அழுத்தினாள். எஞ்சினும் உருளையும் ஒரே மூச்சில் ஏறின. அவள் கையால் பற்றவைத்த தையல்கள் அத்தனையும் அந்தக் கணம் அவள் பேச்சைக் கேட்டன. இவ்வளவு காலம் யாரோ ஒருவன் பெயரில் போனது இது. என்னுடையது, என்னுடையது என்று சத்தத்துக்குள் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.

அதே வண்டி, அதே எஞ்சின். லாக் ஒன்றுதான் வித்தியாசம். பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். எல்டன் தொப்பியை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான்.

ராய்ஸ் புகையிலை எச்சிலைக் கோப்பையில் துப்பிவிட்டு மைக்கில், "பரவால்ல, தின்னதுல பாதியக் கக்கிட்டாங்க" என்றான். மறுபடியும் சிரிப்பு. அவ்வளவுதான் கூட்டத்தின் மனசாட்சி.

கிளின்ட் பக்கத்தில் வந்தான். நல்லவிதமாகத்தான் பேசினான். அந்த ஆட்கள் நல்லவிதமாகப் பேசித்தான் கழுத்தை அறுப்பார்கள். "நல்ல நம்பர், டார்லா. நெஜமாவே நல்ல நம்பர். ஆனா ஆயிரம் இல்லியே. 'ஆயிரம் குதிரை'ன்னு போர்டு வெச்சாத்தான் என் கடைக்குள்ள ஆளு வருவான். தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணுன்னு எழுதினா, போன் நம்பரான்னு கேப்பான்." தோளைத் தட்டிவிட்டு ரொட்டிச் சுருள் இருக்கும் மேசையைப் பார்த்து நடந்தான்.

தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று என்பது முழு உண்மை. எஞ்சினில் இருந்ததே அவ்வளவுதான். டார்லாவின் கன்வெர்ட்டர் வந்ததை வந்தபடி அப்படியே கடத்திவிட்டது. இல்லாத குதிரையைப் பிறப்பிக்கிற கன்வெர்ட்டர் உலகத்தில் கிடையாது. அங்கே இருந்தவர்களில் இதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் அவள்.

ஆனால் அந்தத் தொழிலில் ஓர் அயோக்கியத்தனம் உண்டு. லாக் போடாமலே காலை முழுக்க அழுத்த வேண்டும். எண்ணெய் வழுக்க, எஞ்சின் தறிகெட்டு ஓடும். உருளை பின்தங்கிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து லாக்கைத் தட்டினால், வெறிபிடித்து ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைக் கிளட்ச் ஒரே பிடியாகப் பிடித்து நிறுத்தும். ஓடிவந்த வேகம் முழுவதும் ஒரே அடியாக உருளையின்மேல் விழும். திரையில் கோடு ஊசிபோல் எகிறி, அரை நொடியில் இறங்கிவிடும். அது எஞ்சினின் பலம் இல்லை, ஓடிவந்து கதவில் மோதுகிறவனின் பலம். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. உச்சியில் எது இருக்கிறதோ அதைத்தான் அச்சடிக்கும். நேர்மையான ஆள் அந்த ஊசியை நறுக்கிவிட்டு மிச்சத்தைப் படிப்பான்.

அந்த அடி முழுவதையும் வாங்கிக் கடத்த வேண்டியது நடுவில் இருக்கும் ஷாஃப்ட்.

எல்டன் ஜன்னலருகே வந்தான். முகமெல்லாம் பல். "போதும் மேம். எனக்கு இதுவே கனவு மாதிரி இருக்கு. கழட்டிடலாமா? திங்கக்கெழம ரெண்டு பண்ணைக்கு லோடு ஏத்தணும்."

டார்லா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கிளின்ட் ரொட்டியைக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் அவனிடம் எதையோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

"இன்னும் ஒரு தடவ, எல்டன்."

"ஷாஃப்ட் தாங்குமா மேம்?"

"நான்தானே ஓட்டறேன்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. ஜன்னல் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விலகி நின்றான். அவன் ஒரு வார்த்தை முரண்டு பிடித்திருந்தால் டார்லா இறங்கியிருப்பாளோ என்னவோ. பிடிக்கவில்லை. நம்புகிறவர்களுக்கு இந்த உலகத்தில் இதுதான் கிடைக்கும்.

அவள் சுவிட்சைத் தொடாமல் காலை அழுத்தினாள். தரைப்பலகை வரை அழுத்தினாள். எஞ்சின் முன்பு கேட்காத குரலில் வீறிட்டது. எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. கண்ணாடிக்கு வெளியே எல்டன் தெரிந்தான். ஒன்றும் புரியாமல், இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். டார்லா சுவிட்சைத் தட்டினாள்.

வண்டி சங்கிலிகளை இழுத்துக்கொண்டு ஒரு குதி குதித்தது. ஒரு நொடி எல்லாம் தாங்கியது. பிறகு அடியில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். எஞ்சின் கட்டறுத்துக்கொண்டு தனியாக அலறியது, சக்கரங்கள் அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் மெதுவாகச் சுற்றி ஓய்ந்தன. எரிந்த எண்ணெய் நாற்றம் மேலே வந்தது. அவள் எஞ்சினை அணைத்தாள்.

ராய்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தான். திரையில் இருந்த ஊசியை அவன் பார்த்தான். பிறகு திரும்பி டார்லாவைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் ஊசி மறைந்துவிடும், இத்தனை பேர் முன்னால் அவள் மானம் கப்பலேறிவிடும். அவனிடம் கெஞ்சிப் பழக்கமில்லாத டார்லாவின் கண்கள் அன்றைக்குக் கெஞ்சின.

அவன் அச்சடிக்கும் பொத்தானைத் தட்டினான்.

"ஆயிரத்தி அறுபத்தி மூணு!"

கூச்சலில் பட்டறையே அதிர்ந்தது. யாரோ ஒருவன் பீரைக் குலுக்கிப் பீய்ச்சினான். முன்பின் தெரியாத ஆட்கள் எல்டனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்கள். ராய்ஸ் மைக்கை அணைத்துவிட்டு, அச்சுத்தாள் கையில் ஆட, ஜன்னலில் வந்து முழங்கையை ஊன்றினான்.

"ஊசி நல்லா இருந்துச்சு, தங்கம். நான் கத்துக்குடுத்தத மறக்கல நீ."

அவள் சாவியை உருவினாள்.

"பயப்படாத. என் டைனோவுல ஆயிரம் வந்தா எனக்கும் நல்லதுதானே. கியர் பாக்ஸ இங்கயே நானே பிரிச்சு மேஞ்சிடறேன், முறிஞ்ச விதத்தப் பாத்து வேற எவனும் கண்டுபுடிக்க வேணாம். அப்புறம், கிளின்ட்டுக்குப் போற பெட்டியில ஒட்டற ஸ்டிக்கர் இருக்குல்ல?" அவன் குரல் கல்யாணமான புதிதில் பேசியதுபோல் குழைந்தது. "அதுல ரெண்டு பேர் பேரும் இருந்தா அழகா இருக்கும். என் பேர் மேல."

அவள் தலையை ஆட்டினாள். இனிமேல் எப்போதும் ஆட்டியாக வேண்டிய தலை.

கிளின்ட் கையை நீட்டிக்கொண்டே வந்தான். "இதுதாம்மா நம்பர்! இப்ப சொன்னே பாரு, இது போர்டு!" பிறகு வண்டிக்கு அடியில் சொட்டுவதைக் குனிந்து பார்த்தான். எத்தனையோ கியர் பாக்ஸைப் பார்த்தவன். முகம் கொஞ்சம் மாறியது. "என்ன போச்சு? கன்வெர்ட்டரா?"

"ஷாஃப்ட்," என்றாள் டார்லா.

"எப்படி? நீ தப்பா எதுவும் போட்டியா? ஏன் கேக்கறேன்னா, என் கஸ்டமர் வண்டி இப்படிப் படுத்துடக் கூடாது."

அதற்குள் எல்டன் ஆட்களின் பிடியிலிருந்து விடுபட்டு வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் பீர். வண்டிக்கு அடியில் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. திங்கட்கிழமை லோடு போச்சு. அதற்கடுத்த லோடும் போச்சு. காத்திருக்காத பண்ணைக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், பிறகு இவனைக் கூப்பிடவும் மாட்டார்கள். அதையெல்லாம் அவன் கணக்குப் போட்டு முடித்தது கண்ணில் தெரிந்தது.

டார்லா வாயைத் திறந்தாள். நான்தான், காலை அமுக்கிவிட்டு லாக்கைப் போட்டேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கிளின்ட்டின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"கம்பெனி ஷாஃப்ட்டு," என்றாள் அவனிடம். "மாத்தச் சொல்லி மாட்டும்போதே சொன்னேன். கேக்கல."

கிளின்ட் எல்டனைப் பார்த்தான். எல்டன் தொப்பியைக் கழற்றினான்.

"ஆமா சார். மேம் அப்பவே சொன்னாங்க. நான்தான் அறுவடை முடியட்டும்னு இழுத்துட்டேன்." பிறகு டார்லாவிடம் திரும்பினான். "மன்னிச்சுக்குங்க மேம். உங்க நாளுல போய் இப்படி ஆயிடுச்சு. உங்களுக்கு இது எவ்ளோ பெரிய நாளுன்னு எனக்குத் தெரியும்."

"சரி, விடு," என்றாள் டார்லா.

கிளின்ட் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். பெரிய, சூடான கை. விடவே இல்லை. திங்கட்கிழமையே ஆள் அனுப்புகிறேன், முதலில் கான்சாஸ் பட்டறைக்கு வேண்டும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். ராய்ஸ் நாற்காலி போட்டு ஏறி, அச்சுத்தாளைச் சுவரில் ஆணியடித்துக்கொண்டிருந்தான்.

யார் வண்டி ஒழுகுகிறதோ அவன்தான் தரையைத் துடைக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் இன்னொரு விதி. எல்டன் மூலையிலிருந்து வாளியும் கந்தல் துணியும் எடுத்துவந்து முட்டி போட்டான். சிவப்பு எண்ணெய் உருளைகளைத் தாண்டி வழிந்து வந்துகொண்டிருந்தது. அவன் துடைக்கத் துடைக்க அது முன்னால் போனது. அவனும் கூடவே நகர்ந்து, கிளின்ட்டும் டார்லாவும் கை குலுக்கி நின்ற இடத்துக்கு வந்துவிட்டான்.

"மேம்," என்றான் கீழேயிருந்து. "கால கொஞ்சம் தூக்குங்க. ஷூவுல எண்ணெ ஒட்டிக்கும்."

டார்லா தூக்கினாள்.